விரல்களுக்கு எண் கற்பித்த அன்னை

பொன்னி பாய்ந்து பொன் விளைக்கும் பூமி எங்கள் தஞ்சைத் தரணி. இங்கே எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து ஆறுகளை வைத்துத் திருவையாறு என்று ஓர் ஊருக்கே எண்ணால் பெயர் அமைந்திருக்கிறது. நடவு நாளில் நாற்று முடிகளை எண்ணுகிறோம். அறுவடை நாளில் கதிர்க் கட்டுகளை எண்ணுகிறோம். களத்து மேட்டில் மரக்காலால் நெல் அளந்த காலத்தில், முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று மங்கலமாகத் தொடங்கி, பிறகே இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள் எங்கள் தாத்தாமார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள், எண்சுவடியை ஒப்பித்தார்கள்.

இத்தகைய மண்ணில் பிறந்த நாங்கள், இவ்வாண்டு நான்கு வயதுக் குழந்தை ஒருத்தியிடம் தோற்றுப் போனோம். அந்தத் தோல்விதான் ஒரு பெரிய வாழ்க்கை வரலாற்றை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது.

எங்கள் வகுப்பு மாணவியர் வாரம் ஒருநாள் சமூகப் பணி வேளையில், வெண்ணாற்றங்கரைப் பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் மையத்துக்குச் சென்று வருவோம். அங்கே ஒரு சிறுமி. தாய் வயல் வேலைக்குச் செல்பவர். அச்சிறுமி ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் பாட்டுப்போல் சொல்லுவாள். நாங்கள் கைதட்டி மகிழ்ந்தோம். பிறகு புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்து, ஐந்து எடுத்துத் தரச் சொன்னோம். அவள் ஒரு பிடி அள்ளித் தந்தாள். மீண்டும் கேட்டோம். மீண்டும் ஒரு பிடி! எங்களுள் ஒருத்தி பொறுமையிழந்து, நூறு வரை தெரிந்தவளுக்கு ஐந்து தெரியாதா என்று அதட்டிவிட்டாள். மற்றவர்கள் சிரித்துவிட்டோம். குழந்தையின் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம் நாங்கள் சென்றபோது அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நடந்ததை எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் அவர்களிடம் மறைக்காமல் சொன்னோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்திலிருந்து சில புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்து வரும்படி மட்டும் சொன்னார்கள். படித்ததை இம்மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டில் ஆங்கோனா மாவட்டத்தில் கியாரவாலே என்பது ஒரு சிற்றூர். அங்கே 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் அலெசாந்த்ரோ மாண்டிசோரி, ரெனில்தே ஸ்டொப்பானி தம்பதியருக்கு ஒரே மகளாகப் பிறந்தார் மரியா. தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களை நேசித்தவர். குடும்பம் 1875-இல் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணி ஒன்றே ஏற்றது என்று கருதினார்கள். மரியாவோ கணிதத்தில் பேரார்வம் கொண்டிருந்தார். பதின்மூன்றாம் வயதில், ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியாளராக வேண்டும் என்பது அவருடைய முதல் ஆசை. பின்னர் அந்த ஆசை மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தைக்கு உடன்பாடில்லை. தாயோ மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட இன்னல்கள் பல. ஆடவர் நடுவே ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பயில்வது தகாது என்று கருதியதால், மற்ற மாணவர்கள் சென்ற பிறகு மாலை வேளையில் தனியாக நின்று அப்பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. விளக்கொளியில், உயிரற்ற உடல்களுக்கு நடுவே, ஓர் இளம்பெண் தன்னந்தனியே! எண்ணிப் பார்க்கவே நமக்கு உடல் சிலிர்க்கிறதல்லவா? ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1896-ஆம் ஆண்டு, இருபத்தாறு வயது நிறையும் முன்பே, ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவரான முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த அனைத்துலக மாதர் மாநாட்டில் இத்தாலியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்று வாதாடினார்.

வெறுங்கைகள் சொன்ன பாடம்

பட்டம் பெற்ற மரியா, மனநோய் மருத்துவப் பிரிவில் பணி செய்தார். அக்காலத்தில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை மனநோயாளர் விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் அத்தகைய அறை ஒன்றில், உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருப்பதைக் கண்டார். பார்த்துக்கொள்ளும் பெண்மணி அதைப் பேராசை என்று வெறுத்துப் பேசினார். மரியாவோ அந்த அறையைச் சுற்றிலும் நோக்கினார். பொம்மை இல்லை, தொடுவதற்கு ஒரு பொருளும் இல்லை. அப்போது அவருக்கு உண்மை புலப்பட்டது. வயிறு பசித்ததால் அவர்கள் பொறுக்கவில்லை. பசித்தது அவர்களுடைய கைகள்!

இது அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை. இத்தகைய குழந்தைகளுக்காக முன்பே பாடுபட்ட இத்தார், செகான் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். ஒவ்வொரு சொல்லின் பொருளும் மனத்தில் பதிய வேண்டும் என்று அவற்றைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி முடித்தார். 1900-ஆம் ஆண்டில், இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்களில் ஒருவரானார். பகலெல்லாம் குழந்தைகளோடு இருந்து, இரவெல்லாம் குறிப்பெழுதினார்.

படிக்கவே இயலாதவர்கள் என்று உலகம் ஒதுக்கிய அக்குழந்தைகளில் சிலர், மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வில் அமர்ந்து தேறினார்கள். ஊரெல்லாம் வியந்தது. மரியாவின் சிந்தனை வேறாக இருந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு செய்ய முடியுமென்றால், குறையொன்றுமில்லாத குழந்தைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு பின்தங்க வைத்திருக்கின்றன? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

திருக்காட்சித் திருநாளில் பிறந்த இல்லம்

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடியமர்த்திய நிறுவனத்தாருக்கு ஒரு தொல்லை. பெற்றோர் வேலைக்குப் போன பின், பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் குறும்பு செய்து பாழ்படுத்தினார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள மரியா அழைக்கப்பட்டார். இவ்வாறு, 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏழைக் குழந்தைகள் வந்து சேர்ந்தனர்.

அங்கே மரியா கட்டளையிடவில்லை, கவனித்தார். ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஆழ்ந்திருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் செய்தார் மரியா. சிறுமி நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்த பிறகுதான், உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். சிறு குழந்தைக்கு மனத்தை ஒருமுகப்படுத்த இயலாது என்ற பழைய கருத்து அன்று பொய்யாயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னோர் அற்புதம். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகியிருந்த ஐந்து வயதுச் சிறுவன், மாடியில் வெயிலில் அமர்ந்து புகைபோக்கியைச் சுண்ணக்கட்டியால் வரைந்தான். திடீரென்று தனக்கு எழுத வருகிறது என்று கூவியபடி தரையில் மண்டியிட்டு ஒரு சொல்லை எழுதினான். அவன் எழுதிய முதல் சொல் எது தெரியுமா? கை என்பதுதான்! யாரும் அவனுக்கு எழுதச் சொல்லித் தரவில்லை. கை பழகியிருந்தது; காலம் வந்ததும் கை தானே பேசியது.

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்து பேசவும் மறந்திருந்த குழந்தைகளை ரோமாபுரியில் ஜூஸ்தி தெருவில் உள்ள கன்னியர் மடத்தில் சேர்த்தனர். மரியன்னையின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடம் அது. அச்சபை 1877-ஆம் ஆண்டு நமது உதகமண்டலத்தில் தோன்றியது என்பதை அறியும்போது நமக்கு எவ்வளவு பெருமிதம்! அம்மடத்தில் மாண்டிசோரி முறையில் நடந்த இல்லத்தில், அக்குழந்தைகள் வேலை செய்து, வேலை செய்து, மீண்டும் சிரிக்கக் கற்றார்கள்.

தொட்டு எண்ணும் முறை

இனி எங்களைத் திகைக்க வைத்த பகுதிக்கு வருகிறோம். சிறு குழந்தைக்கு எண் கற்பிப்பது எப்படி?

எண்களின் பெயர்களைச் சொல்வது வேறு. எண்ணுவது வேறு என்று கண்டார் மாண்டிசோரி அம்மையார். பெயர்களின் வரிசை ஒரு பாட்டு. பொருள் தெரியாமலே அதைப் பாடிவிடலாம். எண்ணுவதென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு பெயரைக் கொடுக்க வேண்டும். எதையும் விடக் கூடாது. எதையும் இருமுறை தொடக் கூடாது. கடைசியில் சொன்ன பெயரே மொத்தத்தின் பெயர் என்று உணர வேண்டும். இத்தனையும் ஒரு நான்கு வயது நெஞ்சில் நிகழ வேண்டும்! முதலில் அவர் சில்லறைக் காசுகளை மாற்றச் சொல்லி எண்ணப் பழக்கினார். பிறகு பத்துக் கோல்களைச் செய்தார். மிகச் சிறியது பத்து சென்டிமீட்டர். மிகப் பெரியது ஒரு மீட்டர். சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டியிருக்கும். ஐந்து என்ற கோலைக் குழந்தை இரு கையாலும் தூக்கும்போது, ஐந்து என்பது ஒன்றாகவும் இருக்கிறது. ஐந்து துண்டுகளாகவும் இருக்கிறது. மூன்றுக்குப் பக்கத்தில் இரண்டை வைத்தால் ஐந்தின் நீளம் வந்துவிடுகிறது. கூட்டல் என்று பெயர் சொல்லாமலே கூட்டல் நடந்துவிடுகிறது!

அளவு கைக்கு வந்த பிறகுதான் எண்ணின் வடிவம். உப்புத்தாளில் வெட்டிய 1, 2, 3 ஆகியவற்றை எழுதும் திசையிலேயே இரு விரல்களால் தடவ வேண்டும். நம் திண்ணைப் பள்ளி மணலும் இதைத்தானே செய்தது! விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் வழக்கமும் இதற்கு உறவுதானே!

பெயரைக் கற்பிக்க, செகானிடமிருந்து மூன்று படிகளை எடுத்துக்கொண்டார். முதலில் ஆசிரியை பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லுவார். அடுத்து, பெயரைச் சொல்லிப் பொருளைக் கேட்பார். கடைசியில்தான் பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்பார். குழந்தை தவறினால் என்ன செய்வது? கடிந்துகொள்ளக் கூடாது. தவறிவிட்டாய் என்று உணர்த்தவும் கூடாது. புன்னகையோடு பொருள்களை எடுத்து வைத்துவிட்டு, வேறொரு நாள் மீண்டும் தொடங்க வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டோம்.

தவறைச் சுட்டிக்காட்டும் வேலையை அவர் பொருள்களுக்கே கொடுத்துவிட்டார். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்துக் கட்டங்கள் கொண்ட பெட்டி. அதோடு நாற்பத்தைந்து நூற்புக் கதிர்கள். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டிப் பாருங்கள், சரியாக நாற்பத்தைந்து வரும். குழந்தை ஓரிடத்தில் பிசகினால், ஒன்பதாம் கட்டத்துக்கு வரும்போது கதிர்கள் குறையும் அல்லது மிஞ்சும். யாரும் அதட்ட வேண்டியதில்லை. குழந்தை தானே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும்.

பிறகு மணிகள். தனி மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தை ஒரு குழந்தை இரு கைகளில் ஏந்தி நடக்கிறது! பத்தைத் தாண்டிய எண்களுக்குச் செகானின் பெயரால் ஒரு பலகை உண்டு. 10 என்று எழுதிய இடத்தில், பூஜ்யத்தின் மேல் 1 என்ற அட்டையைச் செருகினால் 11. 2 என்ற அட்டையைச் செருகினால் 12. நம் தமிழில் பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் கைகோத்து நிற்பதைப் போலத்தான்.

ஒன்றுமில்லாததைக் கற்பித்தல்

பூஜ்யத்தை அவர் கற்பித்த விதம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு குழந்தையை அழைத்து, தம்மிடம் பூஜ்யம் தடவை வரச் சொல்லுவாராம். குழந்தை ஓடி வந்துவிடும். ஒரு தடவை வந்துவிட்டாயே, பூஜ்யம் தடவை அல்லவா வரச் சொன்னேன் என்பார். அப்படியானால் என்னதான் செய்வது என்று குழந்தை திகைக்கும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பூஜ்யம் என்று விளங்கியதும், அடுத்த முறை எல்லாரும் அசையாமல் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விளையாட்டில், மடித்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதில் உள்ள எண்ணுக்கு ஏற்ப பொருள்களைக் கொண்டுவர வேண்டும். பூஜ்யம் வந்த குழந்தை மட்டும் எழாமல், மற்றவர் ஓடியாடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். வெறுங்கையோடு பொறுமையாக இருப்பதும் ஒரு பாடமே. சிறுவர்க்கு மட்டுமா, பெரியவர்க்கும் அது கடினமான பாடம் அன்றோ!

அன்னையும் மகனும்

1909-இல் வெளிவந்த அவருடைய நூல் பல மொழிகளில் பரவியது. 1915-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு வகுப்பு நடத்தி, குழந்தைகள் கற்பதை மக்கள் காணச் செய்தார். 1920-இல் குஜராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேகா என்ற கல்வியாளர் இம்முறையைத் தழுவிப் பால மந்திரம் தொடங்கினார். 1931-இல் லண்டனில் அண்ணல் காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்தார்.

புகழ் வளர்ந்த அதே வாழ்வில் ஓர் ஆறாத துயரமும் இருந்தது. அவருடைய மகன் மரியோ 1898-ஆம் ஆண்டு பிறந்தார். சூழ்நிலை காரணமாக அவரை வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் அன்னையானவர், தம் சொந்த மகனின் குழந்தைப் பருவத்தை ஆண்டு ஆண்டாகத் தள்ளி நின்றே எண்ண வேண்டியிருந்தது. மகனுக்குப் பதினைந்து வயதானபோதுதான், அதாவது எங்கள் வயதில், தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் தாயின் வலக்கரமாகவே வாழ்ந்தார்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தது. பின்னர், குழந்தைகளைப் போர்வீரர்களாக்க விரும்பிய ஆட்சிக்கும், அவர்களைச் சுதந்திரமாகச் சிந்திக்க வைத்த அம்மையாருக்கும் ஒத்துவரவில்லை. 1934-இல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கினார், அங்கும் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்து நாடு அடைக்கலம் தந்தது.

தமிழகத்தில் மாண்டிசோரி

1939-ஆம் ஆண்டு, அறுபத்தொன்பது வயதில், சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையார் மகனுடன் தமிழகம் வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சியில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் சொல்லுவார்.

சில மாதங்கள் தங்கித் திரும்புவது அவர்களின் எண்ணம். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் ஆங்கில அரசு மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. மொழி தெரியாத நாட்டில், தம் நாவாக இருந்த மகனும் இல்லாமல், எழுபது வயதை நெருங்கிய தாய்! அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, வைஸ்ராய் அவருக்குப் பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்தார். ஒரு காலத்தில் மகனை விட்டுப் பிரிந்த தாய்க்கு, எழுபதாம் வயதில் மகனே பரிசாகக் கிடைத்தது இறைவன் திருவுளம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார். அங்கே பல வயதுக் குழந்தைகளும் கூடிப் பயின்றனர். இலை, பூச்சி, கல், விண்மீன் எல்லாம் பாடமாயின. உலகில் ஒவ்வோர் உயிரும் மற்றவற்றுக்காக ஒரு பணியைச் செய்கிறது என்ற கல்விக் கருத்தை, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னாவின் துணையோடு, அங்கேதான் விரித்து வளர்த்தார். 1944-இல் கொழும்பிலும் பயிற்சி நடத்தினார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மீண்டும் வந்தார். இந்நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உள்வாங்கும் மனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாற்றிலிருந்துதான் வெளிவந்தது.

அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிட்டவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஹாலந்தில் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக அங்கு செல்லலாமா என்று மகனோடு பேசிக்கொண்டிருந்த நாளில், எண்பத்தொன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். 1990-ஆம் ஆண்டு இத்தாலி வெளியிட்ட ஆயிரம் லிரா நோட்டில் அவர் திருவுருவம் இடம்பெற்றது. யூரோ வந்த 2002 வரை அந்த நோட்டு மக்கள் கைகளில் புழங்கியது. குழந்தைகளின் கைகளில் ஆயிரத்தை ஏந்தக் கொடுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் ஏது!

மீண்டும் வெண்ணாற்றங்கரையில்

இவ்வரலாற்றைப் படித்த பின் நாங்கள் அச்சிறுமியின் வீட்டுக்கே சென்றோம். அதட்டியவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். குழந்தை ஒன்றும் சொல்லாமல் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அடுத்த வாரம் மையத்துக்கு வந்தாள்.

எங்களிடம் மாண்டிசோரி சாதனங்கள் இல்லை. பாட்டி வீட்டுப் பல்லாங்குழி இருந்தது. பதினான்கு குழிகளில் நான்கைத் துணியால் மூடிவிட்டு, மீதிப் பத்தில் 0 முதல் 9 வரை சீட்டு ஒட்டினோம். நாற்பத்தைந்து புளியங்கொட்டைகளை எண்ணிக் கொடுத்தோம். பிறகு வாய் திறக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். லாபம், ரெண்டு, மூணு என்று மெல்ல எண்ணினாள். வீட்டில் தாத்தா சொல்லக் கேட்டிருப்பாள் போலும்! ஒன்பதாம் குழிக்கு வந்தபோது எட்டுக் கொட்டைகளே மிஞ்சின. அவள் எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். நாங்கள் புன்னகை மட்டும் செய்தோம். அவளே ஒவ்வொரு குழியாகத் திரும்பிப் போய், நான்காம் குழியில் ஐந்து கிடந்ததைக் கண்டுபிடித்தாள். அப்போது அவள் முகத்தில் கண்ட ஒளியை எழுத எங்களுக்குச் சொற்கள் இல்லை.

எண்களின் பெயரை எழுத்தில் காட்டியபோது புதிய சிக்கல்கள் வந்தன. இரண்டு என்று எழுதிய அட்டையைப் படித்துக் காட்டினால், அது ரெண்டு இல்லை என்று வாதாடினாள். மூன்றும் மூணும், ஐந்தும் அஞ்சும் அவளுக்கு வேறு வேறு. சிஸ்டர் ஒரு வழி சொன்னார்கள். வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர் ஒன்றும், பதிவேட்டில் உள்ள பெயர் ஒன்றும் உனக்கு இருப்பதுபோல, எண்ணுக்கும் இரண்டு பெயர் உண்டு என்று சொன்னோம். உடனே புரிந்துகொண்டாள். ஆறு என்ற அட்டையைக் கொடுத்தபோது, பலகையில் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தாள். வெண்ணாற்றை வரைந்திருக்கிறாள்! தவறென்று எப்படிச் சொல்வது? ஆற்றின் அருகிலேயே ஆறு கொட்டைகளை வைத்தோம். இரண்டையும் பார்த்துச் சிரித்தாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் குழந்தை நூறு வரை ஒப்பிக்கும்போது மகிழுங்கள். அதோடு ஐந்து தம்ளர்களை எடுத்து வரவும் சொல்லுங்கள். பிசகினால் சிரிக்காதீர்கள். அன்புத் தோழியரே, சூத்திரங்களை நெட்டுருப் போட்டே பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட நாமும், எத்தனை எண்களைக் கையால் தொட்டறிந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அந்தச் சிறுமி இப்போது ஐந்து கேட்டால் ஐந்துதான் தருகிறாள். ஒன்றொன்றாக எங்கள் உள்ளங்கையில் வைக்கிறாள். ஐந்தாவதை வைத்ததும் எங்கள் விரல்களைத் தானே மடக்கி மூடிவிடுகிறாள்.

பத்தாம் வகுப்பு மாணவி, ஆ பிரிவு